கடற்கரைக்கு வேலி போட்டவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடத்தில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றைச் சேர்ந்த பதினான்கு வாலிபர்கள், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு வேன் பிடித்து, மாமல்லபுரம் போய் வந்தார்கள். பதினான்கு பேரும் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். பன்னிரண்டு பேர் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். மற்ற இருவர் ஜார்கண்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிறந்தது முதல் கடலைப் பார்த்தறியாதவர்கள்.

சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஒரகடத்திலிருந்து கடல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பதினான்கு பேரில் பாதிப் பேருக்கு மேல் ஒரகடம் வந்து இரண்டு வருஷமாகியும் அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட்; ஏழாவது நாள் ஓவர்டைம், அல்லது துணி துவைத்துவிட்டுத் தூக்கம்.

திரும்பி வந்தவர்கள் மறுநாள் மாலை நமது அலுவலகத்துக்கு வந்தார்கள். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பற்றி உற்சாகமாகப் பேசினார்கள். பிறகு ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். கூட்டமில்லாத இடமாகப் பார்த்துக் குளிக்கலாம் என்று மணலோடு வடக்கே நடந்திருக்கிறார்கள். ஓர் உல்லாச விடுதியின் பின்புறம் வந்ததும் விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தான். நிழற்குடைகளின் கீழே சாய்வு நாற்காலிகளில் அந்நிய நாட்டார் சிலர் படுத்திருந்தனர். "இது கெஸ்ட்டுங்க இடம். இங்கே நிற்கக்கூடாது" என்றான். "மணல் என்ன அவங்க அப்பன் வீட்டுதா?" என்று நம்மவர் ஒருவர் கேட்டார். காவலாளி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணே, நானும் கூலிக்காரன் மகன்தான். மேலே இருந்து பார்த்துக்கிட்டிருக்காங்க. என் வேலை போயிடும். கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க" என்றான்.

அவர்கள் தள்ளிப் போனார்கள். சண்டை போடவில்லை. "அவன் வயிற்றில் எப்படி அடிக்கிறது தோழர்?" என்று நம்மிடம் கேட்டார்கள்.

இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. இதிலே நிலத்தின் கேள்வி இருக்கிறது, லீவின் கேள்வி இருக்கிறது, வேலைப் பாதுகாப்பின் கேள்வியும் இருக்கிறது. ஆகவேதான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

பிரயாணிகளின் கண்

கடலோர உல்லாச ஊர்களைப் பற்றிப் பிரயாணிகள் எழுதும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இரண்டு தினுசு. ஒருவர், "எங்கு பார்த்தாலும் வெள்ளைக்காரர்கள்; சுத்தமாக, அமைதியாக இருக்கிறது; நம் நாடு மாதிரியே இல்லை" என்று பூரித்துப் போகிறார். இன்னொருவர், "எங்கு பார்த்தாலும் வெள்ளைக்காரர்கள், ஊர் கெட்டுப்போய்விட்டது" என்று பெருமூச்சு விடுகிறார். மெச்சுகிறவருக்கும் சலித்துக்கொள்கிறவருக்கும் ஒரே குறைதான். இரண்டு பேருடைய கண்ணிலும் அங்கே உழைக்கிற மனிதன் படவில்லை.

மாமல்லபுரத்தின் ஒத்தவாடைத் தெருவில் நடந்து பாருங்கள். அந்நியப் பிரயாணிகளை நம்பி நடக்கும் ஓட்டல்களும், துணிக்கடைகளும், தங்கும் அறைகளும் நிறைந்த தெரு அது. அதற்குப் பக்கத்திலேயே மீனவர் குடியிருப்பு. விடியற்காலையில் வலை இழுப்பவன் அங்கே இருக்கிறான். அந்த மீனைப் பொரிப்பவனும், தட்டு கழுவுபவனும், படுக்கை விரிப்பை வெளுப்பவனும் இருக்கிறார்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நாற்று நடப் போன கையோடு அறை பெருக்க வரும் பெண்கள் இருக்கிறார்கள். கல்தூசியை மூச்சாக இழுத்துக்கொண்டு சிலை செதுக்கும் சிற்பி இருக்கிறான். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அந்தத் தூசிக்கு ஒரு முகமூடியும் மருத்துவப் பரிசோதனையும் எத்தனை பட்டறைகளில் உண்டு?

இந்தக் கடற்கரை ஏழை ஊர் என்றும் சொல்ல முடியாது. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த இடம் இது. 2021-22இல் தொல்பொருள் துறையின் கட்டணச் சின்னங்களில் அந்நியப் பிரயாணிகள் அதிகம் வந்த இடம் எது? தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம். சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர் வந்ததாக மத்திய சர்க்காரின் கணக்கே சொல்லிற்று. பணம் வருகிறது. யார் கைக்குப் போகிறது என்பதே கேள்வி.

வடக்கே கோவளத்தில் 1974இல் திறக்கப்பட்ட தாஜ் நட்சத்திர ஓட்டலுக்கு "ஃபிஷர்மேன்ஸ் கோவ்" என்று பெயர். மீனவனுடைய குடா என்று பொருள். பெயர்ப் பலகையில் மீனவன் இருக்கிறான். நட்சத்திர ஓட்டலின் சாப்பாட்டு மேஜையில் அவன் உட்கார முடியுமா?

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். தலைவர்கள் சந்திப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதற்காகக் கடைகள் மூடப்பட்டன. மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லப்பட்டது. அந்தச் சமயத்தில் பிரதமர் கடற்கரையில் குப்பை பொறுக்கிய படம் நாடெங்கும் வெளியாயிற்று. வருஷம் முழுவதும் அதே மணலில் குப்பை அள்ளும் காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளியை எந்தப் படக்காரர் தேடிப் போனார்?

அந்நியன் நமக்குப் பகைவனா?

இல்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்ல விரும்புகிறோம். சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் அந்நிய நாட்டான் நமக்குப் பகைவன் அல்ல. அவர்களில் கோடீஸ்வரர்கள் உண்டு. பஸ் ஓட்டுகிறவர்களும், நர்சுகளும், பள்ளிக்கூட ஆசிரியர்களும், நம்மைப் போலவே ஆலையில் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஒரு பிரெஞ்சுத் தொழிலாளி இரண்டு வாரம் கடலோரம் வந்து தங்குகிறான். ஒரகடத்துத் தொழிலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது ஏன்?

அந்தப் பிரெஞ்சுத் தொழிலாளியின் லீவு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்சில் லட்சக்கணக்கான தொழிலாளிகள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மக்கள் முன்னணி சர்க்கார் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தது. அந்த ஜூன் மாதத்திலேயே சம்பளத்துடன் இரண்டு வார லீவுக்குச் சட்டம் வந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற சட்டமும் வந்தது. தொழிலாளிகளுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள். அந்தக் கோடையில் எத்தனையோ தொழிலாளிக் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. அதுவரை கடற்கரை பணக்காரர்களுடைய சொத்தாக இருந்தது. "அழுக்குச் சட்டைக்காரர்கள் வந்து கடற்கரையைக் கெடுக்கிறார்கள்" என்று அந்தப் பணக்காரர்களும் அன்று முகம் சுளித்தார்கள்!

ஆகவே அந்நியப் பிரயாணியைக் கண்டு நாம் பொறாமைப்பட வேண்டியதில்லை. அவனுடைய பாட்டன் செய்த காரியத்தை நாம் செய்ய வேண்டும்.

அந்நிய நாட்டாரைக் கண்டு மிரளுவதற்கும் நமக்கு ஒன்றுமில்லை. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்தில் ஓட்டல் பலகைகள் தொங்குகின்றன. கொரியாக்காரன், ஜப்பான்காரன், ஜெர்மன்காரன் எல்லோரையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் போராடியது கொரிய மக்களுக்கு எதிராக அல்ல. சங்கம் வைக்கும் உரிமைக்காக. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவாயிற்று. எதிரி ஒரு தேசமல்ல, முதலாளித்துவம் என்பதை இந்த வட்டாரத்துத் தொழிலாளிகள் சொந்த அனுபவத்தில் அறிவார்கள். வடநாட்டுத் தொழிலாளியை "அந்நியன்" என்று காட்டிப் பிளவு உண்டாக்க நினைப்பவர்களுக்கும் இதுவே பதில். வேனில் போன பதினான்கு பேரில் இரண்டு பேர் ஜார்கண்ட்காரர்கள். விசில் அடித்தபோது பதினான்கு பேருக்கும் சேர்த்துத்தான் அடித்தார்கள்.

ஆனால் அந்நியப் பணத்துக்கு ஊரையே அடகு வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கையில் காலிக்கு அருகே உனவட்டுன என்ற கடலோர ஊர் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அங்கே வெள்ளைத் தோலர்களுக்கு மட்டும் என்று ஒரு விருந்துக்கு விளம்பரம் செய்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், விருந்து ரத்தாயிற்று. விளம்பரம் செய்தவர்கள் ருஷ்யர்கள் என்பதை இங்கே நாம் மறைக்கவில்லை. எந்த நாட்டான் செய்தாலும் நிறவெறி நிறவெறியே. சொந்த மண்ணில் சொந்த மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்தும் துணிச்சல் எப்படி வந்தது? உள்ளூர் மனிதனுக்கு வேலைக்காரன் வேஷம் மட்டுமே மிச்சம் என்று ஓர் ஊரை அமைத்துவிட்டால், அந்தத் துணிச்சல் தானே வருகிறது.

வேலியின் சரித்திரம்

கடற்கரை மணல் பொதுச் சொத்து. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி, அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்கள் இல்லாமல் காக்க வேண்டும் என்று மாநில முதன்மந்திரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதிலே உல்லாச விடுதிகளுக்கென்றே சில நிபந்தனைகள் உண்டு. பொதுமக்கள் கடற்கரைக்குப் போவதைத் தடுக்கும்படி வேலி போடக்கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். 2011இல் வந்த அறிவிக்கையிலும் இந்த விதி இடம்பெற்றது.

தோழர்களே, இந்த 20 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் நீளம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே அந்த வழியைத் தேடிப் பாருங்கள்.

சட்டம் இருந்தும் ஏழைக்கு ஒரு விதமாகவும் பணக்காரனுக்கு வேறு விதமாகவும் அது நடந்துகொள்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் மாண்டார்கள். 2005இல் மாநில சர்க்கார், கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் மீனவர்கள் அதற்கு அப்பால் போனால்தான் புது வீடு என்றது. போக மறுப்பவர்களுக்கு வீட்டு உதவி இல்லை என்றது. கடலை விட்டு மீனவனைத் தள்ளி வைப்பது பாதுகாப்பு என்றார்கள். இலங்கையிலும் இதே கதை. அங்கே தெற்கில் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று எல்லை போட்டு, குடிசைகளைத் திரும்பக் கட்டக்கூடாது என்றார்கள். உல்லாச விடுதிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பொத்துவிலை அடுத்த அறுகம்குடா மக்கள் இதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. மீனவன் குடிசையை அடிக்கும் அலை, விடுதியைக் கண்டால் ஒதுங்கிப் போகுமா?

பிறகு 2019 ஜனவரியில் மத்திய சர்க்கார் புது அறிவிக்கை போட்டது. மக்கள் நெருக்கமுள்ள கடலோரக் கிராமப் பகுதிகளில், கட்டடம் கூடாத எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிற்று. அன்று மீனவனைத் தள்ளிப் போகச் சொன்னவர்கள், இன்று முதலாளியைக் கிட்டே வரச் சொல்கிறார்கள்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? ஒரகடத்திலும் வல்லத்திலும் வயலைக் கொடுத்தவர்கள் கேட்ட வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். "அந்நிய மூலதனம் வரும், அன்னியச் செலாவணி வரும், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை வரும்" என்றார்கள். ஆலை வந்தது. நிலத்தில் குத்தகைக்கும் கூலிக்கும் உழைத்தவனுக்கு நஷ்ட ஈடு இல்லை. அவன் மகனுக்கு நிரந்தர வேலையும் இல்லை, காண்ட்ராக்ட் சீட்டுத்தான். வயலில் பாடிய பாட்டைத்தான் கடற்கரையிலும் பாடுகிறார்கள்.

அந்த வேலையும் எத்தனை உறுதி? 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பிரயாணிகளின் விசாக்களை நிறுத்தினார்கள். 2021 அக்டோபர், நவம்பரில்தான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றரை வருஷம் அந்நியன் வரவில்லை. முதலாளிக்கு நஷ்டம்; ஓட்டல் தொழிலாளிக்குப் பட்டினி. அந்நியனுடைய லீவை மட்டும் நம்பி ஓர் ஊரை வாழ வைப்பது மணல் மேல் வீடு கட்டுவதாகும். உள்நாட்டு உழைப்பாளிக்கு லீவும் வரும்படியும் இருந்தால் அந்த ஊர்களுக்கு வருஷம் முழுவதும் ஆள் வருமே!

முடியாத காரியமா?

"தொழிலாளிக்குக் கடற்கரை விடுதியா?" என்று சிலர் கேலி செய்யலாம். 1920 டிசம்பரில், உள்நாட்டுப் போர் அடங்குகிற சமயத்தில், கிரிமியாவின் மாளிகைகளைத் தொழிலாளிகளின் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் உத்தரவில் லெனின் கையெழுத்திட்டார். ஜார் மன்னனின் குடும்பம் கோடை கழித்த லிவாடியா அரண்மனை, 1925இல் விவசாயிகளின் ஆரோக்கிய விடுதியாயிற்று. 1959 ஏப்ரலில் கியூபாவின் புரட்சி சர்க்கார், அதுவரை பணக்காரக் கிளப்புகள் அடைத்து வைத்திருந்த கடற்கரைகளைச் சட்டம் போட்டு மக்களுக்குத் திறந்துவிட்டது.

இதில் ஒரு பாடமும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சோவியத் யூனியன் வீழ்ந்தபின், அமெரிக்க முற்றுகையில் மூச்சுத் திணறிய கியூபா, டாலருக்காக அந்நியப் பிரயாணிகளை வரவேற்றது. அந்தக் காலத்தில் அந்நியருக்கான ஓட்டல்களில் கியூபா மக்களே தங்க முடியாத நிலை ஏற்பட்டது. 2008இல்தான் அந்தத் தடை நீங்கிற்று. அன்னியச் செலாவணியின் நெருக்கடி சோஷலிச நாட்டையே இப்படி வளைத்தது என்றால், முதலாளித்துவ நாட்டில் மக்கள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

நமது மாநிலத்திலேயே பாருங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகளுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை முதன்மந்திரி திறந்து வைத்தார். சிப்காட் கட்டிய விடுதி. ஆலைக்குப் பக்கத்தில் ஷிப்டுக்குத் தயாராகத் தூங்குவதற்கு 18,720 படுக்கை போட முடிகிற சர்க்காரால், ஓய்வெடுத்துக் கடற்காற்று வாங்குவதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு போட முடியாதா? 1972 சட்டப்படி தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. தொழிலாளியும் முதலாளியும் சர்க்காரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். தொழிலாளிக்கு ஓய்வு இல்லம் நடத்துவதும் அதன் வேலைதான். அப்படி ஒரு வாரியம் இருப்பதே வேனில் போன பதினான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. சர்க்காரின் சுற்றுலாக் கழகத்துக்கு மாமல்லபுரத்தில் கடலோரமாகவே விடுதி இருக்கிறது. அதிலே உழைப்பாளிக் குடும்பங்களுக்கு மலிவு வாடகையில் அறைகள் ஒதுக்கினால் எந்தக் கஜானா காலியாகிவிடும்?

ஆனால் அறை இருந்து என்ன பயன், லீவு இல்லாவிட்டால்? 1948 தொழிற்சாலைச் சட்டப்படி, வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு. 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று மத்திய சர்க்கார் அறிவித்த புதிய சட்டத்தொகுப்பு இதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. காகிதத்தில் நல்லது. ஆனால் நாள் கணக்கு நிறைவதற்குள் காண்ட்ராக்டரின் பெயரை மாற்றி, "பிரேக்" கொடுத்து, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணினால் 180 என்ன, 80 என்ன? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்து நின்றன. அதே வருஷம் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதன்மந்திரி அறிவிக்க வேண்டி வந்தது. உழைப்பாளி ஒன்று சேர்ந்தால் சட்டசபை நிறைவேற்றியதும் திரும்பும்.

நாம் கேட்பது இவைதான்:

கடற்கரை விடுதிகளுக்கு நடுவே 20 மீட்டர் பொது வழி இருக்கிறதா என்று செங்கல்பட்டு ஜில்லா நிர்வாகம் டேப் பிடித்து அளக்க வேண்டும். இல்லாத இடத்தில் திறந்துவிட வேண்டும். மணலில் நடப்பவரை விரட்டுவது சட்ட விரோதம் என்று பலகை வைக்க வேண்டும்.

படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் காய வைக்கவும் மீனவர்களுக்குள்ள இடத்தை அளந்து அவர்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும்.

விடுதி, ஓட்டல் தொழிலாளிகளுக்கு நியமன உத்தரவு, எட்டு மணி நேர வேலை, வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. எல்லாம் கிடைக்க வேண்டும். சீசன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும்.

காண்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளியின் சர்வீஸ் தொடர வேண்டும். சம்பளத்துடன் லீவு கையில் கிடைக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிகளுக்கும் சேர்த்து, கடலோரத்தில் மலிவு ஓய்வு இல்லங்கள் வேண்டும்.

இவற்றில் எதுவும் புரட்சிக்குப் பிறகுதான் முடியும் என்று காத்திருக்கத் தேவையில்லாதவை. பாதிக்கு மேல் இருக்கிற சட்டத்தை அமல் நடத்துவதுதான். ஒரகடத்துச் சங்கங்களும் மாமல்லபுரத்து மீனவர்களும் ஓட்டல் தொழிலாளிகளும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காவலாளியின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். அவனைத் திட்டிவிட்டு வராமல் திரும்பிய பதினான்கு பேர் செய்தது சரியான காரியம். ஆனால் அவனைச் சங்கத்தில் சேர்க்கும் வரை அந்தக் காரியம் பாதிதான்.

தமிழ்நாட்டு உழைப்பாளிக்கும் கடற்கரைக்கும் உள்ள பந்தம் நேற்று உண்டானதல்ல. 1923 மே 1 அன்று, இந்தியாவிலேயே முதல் மே தினக் கூட்டத்தைத் தோழர் சிங்காரவேலர் எங்கே நடத்தினார்? மண்டபத்தில் அல்ல. சென்னைக் கடற்கரை மணலில் நடத்தினார். அவர் மீனவர் குலத்தில் பிறந்தவர். அன்று அந்த மணலில் உட்கார்ந்தவர்கள் யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவில்லை.

அந்த மணல் அன்றும் நம்முடையது, இன்றும் நம்முடையது. அதிலே அந்நிய நாட்டு உழைப்பாளியும் வந்து உட்காரட்டும்; பக்கத்தில் நமக்கும் இடம் இருக்கட்டும். வேலி போட்டவன் யார் என்று தெரிந்துகொண்டோம். வேலியை எடுக்கும் வேலை நம்முடையது.